நான்கே நாளில் ஏற்கப்படும் ஆய்வுக்கட்டுரை

இந்தப் பருவத்தில் இவர் மூன்றாவது ஆள். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர், தங்க நிற முத்திரை பதித்த சான்றிதழோடு என் அறைக்கு வந்தார். "ஐயா, சர்வதேச ஆய்விதழில் கட்டுரை வந்துவிட்டது." அனுப்பிய நான்காம் நாள் ஏற்றுக்கொண்டார்களாம். கட்டணம் எட்டாயிரம் ரூபாய்.

புரட்டிப் பார்த்தேன். இரண்டாம் அட்டவணையில் ஏற்றுமதி, இறக்குமதி என்ற தலைப்புகள் இடம் மாறிக் கிடந்தன. வங்கதேசம் நம்மிடம் பருத்தி நூல் வாங்குகிறது. அட்டவணைப்படி பார்த்தால் நாம் அவர்களிடம் வாங்குகிறோம். அச்சேறும் வரை அதை ஒருவரும் படிக்கவில்லை.

திரும்பி வந்தால் கட்டுரை மட்டம், எண்ணிக்கை ஏறினால் வேலை உறுதி என்ற எண்ணத்தை யார் விதைத்தார்களோ தெரியவில்லை. பொருளியலாளர் பால் க்ரூக்மன் 1977இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். வசதியிலும் தொழில்நுட்பத்திலும் ஒத்த நாடுகள்கூட ஏன் ஒன்றோடொன்று வர்த்தகம் செய்கின்றன என்று விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் என்ற ஆய்விதழ் அதை நிராகரித்தது. அடுத்து ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் எகனாமிக்ஸ். அங்கே மதிப்பீட்டாளர்கள் இருவருமே பாதகமாக எழுதினார்கள். ஆசிரியர் ஜக்தீஷ் பகவதி தம் பொறுப்பில் 1979இல் வெளியிட்டார். பத்துப் பக்கச் சொச்சம்தான். 2008இல் க்ரூக்மனுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த ஆய்வுகளில் அது முக்கியமானது. தம்பி, தங்கைகளே, நிராகரிப்புக் கடிதத்தோடு வரும் குறிப்புகளைப் படியுங்கள். காசு வாங்காமல் ஒருவர் உங்களுக்குச் சொல்லித்தரும் பாடம் அது.

க்ரூக்மனின் அந்தக் கட்டுரை, பொருளியலாளர்கள் அவினாஷ் தீட்சித்தும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 1977இல் வெளியிட்ட பொருளியல் மாதிரியை ஒட்டி எழுந்தது. பம்பாயில் பிறந்த தீட்சித் முதலில் படித்தது கணிதமும் இயற்பியலும். கணக்குக்குப் பயந்து வர்த்தகப் பொருளியலுக்கு வருகிறவர்கள் இப்போதே அதைப் படிக்கத் தொடங்குங்கள்.

கட்டணம் கேட்கும் இதழ் எல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. நல்ல இதழ்கள் சிலவும் கேட்கின்றன. படிக்காமலே ஏற்பதுதான் மோசடி. ஒரு கட்டுரையைப் படித்துக் குறிப்பெழுத எனக்கே இரண்டு வாரம் பிடிக்கிறது. ஆசிரியர் குழுவில் இருப்பவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இலேயே நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறதா என்பதை அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள், விடுதிப் பேச்சை நம்பாதீர்கள். நெறியாளர்களே, கையெழுத்துப் போடும் முன் அட்டவணைகளை ஒருமுறை பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அந்த மாணவரை எழுதச் சொன்னேன். நேற்று பதில் வந்திருக்கிறது. நீக்குவதற்கு இன்னொரு ஐயாயிரம் கேட்கிறார்கள்.