டப்பாவுக்குள் இருப்பது கடல் இல்லை

இந்த வருடமும் ப்ராஜெக்ட் சீசன் முடிந்தது. கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கக் கல்லூரிகளில் நீர்மூழ்கி ட்ரோன் செய்யாத இறுதியாண்டு பேட்ச் இப்போது அபூர்வம். தண்ணீர் சோதனைக் கருவிகளுக்கு காலிப்ரேஷன், அதாவது அளவு சரிபார்ப்பு, செய்து பிழைப்பவன் நான். அந்தத் தொடர்பில் மதிப்பீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மஞ்சள் பெயின்ட் அடித்த பிவிசி குழாய், இரண்டு பக்கமும் எண்ட் கேப், பின்னால் மூன்று மோட்டார். வேலைப்பாட்டில் குறையே சொல்ல முடியாது. சப்மெர்சிபிள் பம்ப் செய்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு சீல் போடத் தெரியாதா என்ன? தலைப்பு: ‘தானியங்கி நீர்மூழ்கி மூலம் கடல்நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை அளவிடுதல்’. தண்ணீர்த் தொட்டிக்குள் வண்டி ஓடுகிறது, லேப்டாப்பில் 640 என்று எண் ஓடுகிறது.

“தண்ணி எந்த இடத்துல சென்சாரைத் தொடுது, தம்பி?”

“தொடாதுங்க சார். உள்ள சீல் பண்ணிட்டோம். தொட்டா சென்சார் போயிருமுங்க.”

மூடியைக் கழற்றி, குழாய்க்குள் ஒரு முறை ஊதச் சொன்னேன். எண் விறுவிறுவென்று ஏறி 5,000-இல் முட்டி நின்றது. நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அதாவது 40,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40,000 பங்கு). அந்த சென்சாரின் எல்லை 5,000. அதுவரை திரையில் ஓடிய 640, மூடியைத் திருகியபோது உள்ளே மாட்டிக்கொண்ட லேப் காற்று.

இந்த பேட்சாவது அகச்சிவப்பு சென்சார் (அந்த வாயு உறிஞ்சும் ஒளியை வைத்து அளப்பது) வாங்கியிருந்தது. முக்கால்வாசிப் பேர் கொண்டுவருவது எம்க்யூ-135. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அது டின் ஆக்சைடு பூசிய, உள்ளே ஹீட்டர் வைத்த ஒரு சின்ன உருளை. அமோனியா, பென்சீன், ஆல்கஹால், புகை எல்லாவற்றுக்கும் அசையும். கார்பன் டை ஆக்சைடை மட்டும் பிரித்துக் காட்டும் திறன் அதற்குக் கிடையாது. நெட்டில் கிடைக்கும் ஒரு சூத்திரம் அதன் மின்தடையை ‘பிபிஎம்’ ஆக மாற்றிக் கொடுத்துவிடுகிறது. எண் வந்துவிட்டதால் அளந்துவிட்டதாகவே நம்புகிறார்கள். சானிட்டைசர் தடவிய கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், ‘கார்பன் டை ஆக்சைடு’ எகிறும். காற்றில் ஈரம் கூடினாலும் எண் மாறும். ஈரத்துக்கு மாறுகிற சென்சாரைத் தண்ணீருக்குள் போகும் வண்டியில் வைக்கிறோமே என்று ஒருவருக்காவது உறுத்த வேண்டாமா?

கடல் ஏன் கார்பனை உறிஞ்சுகிறது என்பதெல்லாம் எல்லா அறிக்கையிலும் முதல் பத்துப் பக்கத்தில் இருக்கிறது, விட்டுவிடுவோம். அளப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு. கடல்நீரில் கரைந்திருக்கும் கனிமக் கார்பனில், வாயுவாகவே இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. 90 சதவீதம் போல பைகார்பனேட், மீதி கார்பனேட். எனவே வாயுவின் பகுதி அழுத்தம் (அந்த வாயு மட்டும் தரும் அழுத்தம்), பிஎச் (அமில, கார அளவு), மொத்தக் கனிமக் கார்பன், காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன்) ஆகிய நான்கில் இரண்டை அளந்து, மற்ற இரண்டைக் கணக்குப் போட்டு எடுப்பார்கள். தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் பகுதி அழுத்தம் 4 சதவீதம் ஏறிவிடும். வெப்பநிலை எழுதாத ரீடிங்கை நான் படிப்பதே இல்லை.

துல்லியத்துக்கு வருவோம். காற்றில் இந்த வாயு வருடத்துக்கு 2 பிபிஎம் சொச்சம் ஏறுகிறது, கடலின் மேல்மட்டமும் பொதுவாக அதன் பின்னாலேயே போகிறது. ஆய்வுக் கப்பலில் நல்ல கருவிக்கு 2 மைக்ரோ அட்மாஸ்பியர் (ஏறக்குறைய 2 பிபிஎம்) பிழை வரைதான் பொறுப்பார்கள். நம் பிள்ளைகள் வாங்கும் மலிவு மாட்யூலின் பிழை 50 பிபிஎம்முக்குக் குறையாது. இருபது வருட மாற்றம் அந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். ஈரோட்டு மண்டியில் மஞ்சள் மூட்டை போடும் தராசில் தாலிக்கொடியை நிறுக்கிற கதைதான்.

அப்புறம், நிஜமாகக் கடலில் அளப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? சிலிகோன் அல்லது டெஃப்லான் வகைச் சவ்வு வைக்கிறார்கள். தண்ணீர் வெளியே நிற்கும், வாயு மட்டும் ஊடுருவி உள்ளே வரும், உள்ளே அகச்சிவப்பு அளவி. சவ்வுக்கு இரு பக்கமும் சமநிலை வர நிமிடங்கள் ஆகும். கிளைடர் வகை வண்டி, உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளியும் திரும்ப இழுத்தும் மிதந்து மூழ்கும். நொடிக்குப் 10 சென்டிமீட்டர் இறங்கினாலும், சென்சார் ஒரு நிமிடம் யோசிப்பதற்குள் வண்டி 6 மீட்டர் கீழே போயிருக்கும். இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்த மாணவர் அறிக்கை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இதனால்தான் உலகக் கடல்களில் தானாக மூழ்கி எழுந்து அளக்கும் ஆர்கோ மிதவைகளில் ஒரு பகுதி, வாயுவை அளப்பதை விட்டுவிட்டு பிஎச் அளக்கின்றன. 10 நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டே மேலே வரும். அதிலும் சண்டை உண்டு. இந்த மிதவைகளின் பிஎச்சை வைத்து, தென்பெருங்கடல் குளிர்காலத்தில் நினைத்ததைவிட அதிகமாக வாயுவை வெளியே விடுகிறது என்று 2018-இல் கணக்குச் சொன்னார்கள். விமானத்தில் பறந்து காற்றை அளந்தவர்கள் 2021-இல் அது பொருந்தவில்லை என்றார்கள். பிஎச்சில் இரண்டாம், மூன்றாம் தசம இடத்துக்கு இப்படி அடித்துக்கொள்கிற துறை இது. இதற்குள் எம்க்யூ-135-ஐத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

பிஎச் எலக்ட்ரோடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எலக்ட்ரோடைச் சரிபார்க்கக் கடையில் கிடைக்கும் 4, 7, 9.2 பஃபர் (பிஎச் தெரிந்த கரைசல்) எல்லாம் சாதாரணத் தண்ணீருக்கு. கடல்நீருக்கு அதன் உப்பளவிலேயே, ட்ரிஸ் என்ற வேதிப்பொருளில் தயாரித்த பஃபர் வேண்டும். இன்னொன்று: 9.2 பாட்டிலைத் திறந்தே வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி பிஎச் இறங்கிவிடும். எந்த வாயுவை அளக்கப் புறப்பட்டீர்களோ, அதுவே உங்கள் பஃபரைக் கெடுக்கிறது! ஊற்றியதைத் திரும்ப பாட்டிலில் ஊற்றாதீர்கள். இதை எந்த லேபுக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

இனிச் சொல்வதைப் பெற்றோரும் படிக்கட்டும். நமக்குக் கடல் கிடையாது, அதனால் ட்ரயல் பெரும்பாலும் தோட்டத்துக் கிணற்றில். தாராளமாகச் செய்யுங்கள். வேரும் மண் நுண்ணுயிரும் விடும் வாயு நிலத்தடி நீரில் சேர்வதால் அங்கே ரீடிங் வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு இருக்கும். சொட்டுநீர்க் குழாயில் வெள்ளையாகப் படிவதுகூட, நீர் மேலே வந்து அந்த வாயு பறந்ததும் சுண்ணாம்பு தங்கிவிடுவதால்தான். ஆகவே ஆயிரக்கணக்கில் எண் வந்தால் சென்சாரைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஆனால் வண்டி சிக்கினால் சிக்கட்டும். இறங்காதீர்கள். போன கோடையில் ஒரு பேட்ச்சின் வண்டி ஃபுட்வால்வில் (பம்ப் குழாயின் அடிமுனை வால்வு) மாட்டிக்கொண்டது. அதை எடுக்க, புழக்கத்தில் இல்லாத அந்தக் கிணற்றில் ஒரு பையன் பாதிப் படி இறங்கிவிட்டான். தோட்டத்துக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டி மேலே ஏற்றியிருக்கிறார். அறிக்கையின் நன்றியுரையில் அவர் பெயர் இல்லை, இருந்திருக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கிணற்றின் அடியில் தேங்கும். 10 சதவீதம் சேர்ந்தாலே நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும், மூச்சுத் திணறுகிறது என்று கத்தக்கூட நேரமிருக்காது. விளக்கை இறக்கிப் பார்த்தோம், எரிந்தது என்று சமாதானம் சொல்ல வேண்டாம். வேறு விஷவாயு இருந்தாலும் விளக்கு எரியும். விழுந்தவனைத் தூக்க இன்னொருவன் இறங்குவதுதான் எப்போதும் நடக்கிறது. கண்ணுகளா, கெஞ்சிக் கேட்கிறேன்: வண்டிக்கு நைலான் கயிறு கட்டுங்கள், கயிறு அறுந்தால் வண்டி போகட்டும், தீயணைப்புத் துறைக்குப் போன் செய்யுங்கள்.

காலிப்ரேஷன் வாயு சிலிண்டரை ஏசி போட்டு மூடிய அறையில் திறக்காதீர்கள். நனைந்த லித்தியம் பேட்டரியை ஹேர் டிரையரில் காய வைத்துத் திரும்ப சார்ஜ் போடாதீர்கள்.

வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு: தலைப்பைச் சின்னதாக்குங்கள். ‘கிணற்றில் ஆழத்துக்கு ஏற்ப பிஎச், வெப்பநிலை’ என்று வைத்தால் நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன், சரியாக அளந்திருந்தால் கூட்டிப் போடுவேன். எலக்ட்ரோடை வெளியே நீட்ட எண்ட் கேப்பில் ஓட்டை போடப் பயமாக இருந்தால், கோவை கணபதி பக்கம் ஏதாவது லேத் பட்டறையில் கேளுங்கள். கேபிள் கிளாண்டும் (கம்பி நுழையும் ஓட்டையை இறுக்குவது) ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு டீ குடிக்கிற நேரத்தில் காட்டிக் கொடுப்பார்கள்.