கர்ப்பப்பை வாய் கேன்சர வர வைக்குற எச்பிவி வைரஸ்ல 16, 18 வகைன்னு ரிப்போர்ட்ல வந்தா என்ன அர்த்தம்? குமரி மாவட்டத்துல எங்க இலவசமா பாக்கலாம்?

கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு டெஸ்ட் எடுத்தீங்களான்னு கேட்டா நம்ம ஊர்ல முதல்ல வர்ற பதில் "எனக்கு ஒண்ணும் இல்ல மக்ளே" தான். ஒண்ணும் இல்லாதப்பவே பாக்குறதுக்குத்தான் இந்த டெஸ்ட். 2023 நவம்பர்ல தமிழ்நாடு அரசு ஊர் ஊரா கேன்சர் ஸ்கிரீனிங் ஆரம்பிச்சப்ப முதல்ல எடுத்த நாலு மாவட்டத்துல ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூரோட நம்ம கன்னியாகுமரியும் உண்டு. 30 வயசு தாண்டின பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துல இத காசில்லாம பாத்துக்கலாம், அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா பாத்தா போதும்.

அங்க செய்றது விஐஏ டெஸ்ட். படுக்க வச்சு கர்ப்பப்பை வாயில பஞ்சால அசிட்டிக் ஆசிட் தண்ணி தொட்டு வச்சு ஒரு நிமிஷம் பொறுத்து பாப்பாங்க, வெள்ளையா திட்டு தெரிஞ்சா அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவாங்க. லேசா எரியும், அவ்வளவுதான். பீரியட்ஸ் நாள்ல மட்டும் போக வேண்டாம். அண்டி ஆபீஸுக்கு (முந்திரி ஃபேக்டரிக்கு) போறவங்க, காலையிலேயே ரப்பர் பால் வெட்டப் போறவங்க ஒரு நாள் கூலி போகுதேன்னு தள்ளிப் போடுறாங்க, அது நியாயமான கஷ்டம்தான், ஆனா கேன்சர் முத்தினா போற கூலி அத விட எவ்வளவோ அதிகம்.

இனி வைரஸ் விஷயம். எச்பிவியில 200க்கு மேல வகை இருக்கு, அதுல கேன்சர் வரை போகக்கூடியது ஒரு 14 தான். உலகத்துல வர்ற கர்ப்பப்பை வாய் கேன்சர்ல நூத்துக்கு 70க்கு மேல 16, 18 ரெண்டாலதான் வருது. 6, 11 மரு வர வைக்கும், கேன்சர் வர வைக்காது. பிரைவேட் லேப்ல டிஎன்ஏ டெஸ்ட் எடுத்து 16 பாசிடிவ்னு பாத்ததும் கேன்சர்னே முடிவு பண்ணி அழுறவங்க இருக்காங்க, அப்படி இல்ல. பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்குள்ள உடம்பே வைரஸ வெளியேத்திடும், தங்கிட்டாலும் கேன்சர் ஆக பொதுவா 15, 20 வருஷம் ஆகும். எச்ஐவி மாதிரி காரணத்தால எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு சீக்கிரம் ஆகலாம். வீட்டுக்காரர சந்தேகப்படவும் வேண்டாம், கல்யாணமான யாருக்கும் எப்பவாவது வந்து போற சாதாரண வைரஸ் இது.

ஆனா 16 இல்லன்னா 18 வந்தா காத்திருக்காம கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாய லென்ஸ் வழியா பெருசாக்கி பாக்குற பரிசோதனை, எடுக்கணும். மத்த வகைன்னா முதல்ல விஐஏவோ, அங்க உள்ள செல்ல சுரண்டி எடுத்து லேப்ல பாக்குற பாப் ஸ்மியரோ எடுத்துட்டு முடிவு பண்ணலாம். 18 பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும், அதால வர்ற கேன்சர் பல நேரம் கர்ப்பப்பை வாயோட உள்பாதையில சுரப்பிகள்ல வரும், வெளியில இருந்து பாக்குற விஐஏல தப்பிப் போக வாய்ப்பிருக்கு. மாதவிலக்கு நின்னவங்களுக்கும் விஐஏ சரியா காட்டாது. அதனால டெஸ்ட் நார்மல்னு சொன்ன பிறகும் உறவுக்கு அப்புறம் ரத்தம் வந்தா, தீட்டு நின்ன பிறகு ரத்தம் பட்டா, நேரா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போங்க, அடுத்த கேம்ப் வரட்டும்னு இருக்காதீங்க.

கேன்சரே வந்துட்டா 18 வகை கொஞ்சம் மோசமா போகும்னு சில ஆராய்ச்சி சொல்லுது, வேற சிலதுல அந்த வித்தியாசம் தெரியல. இப்போதைக்கு ஆபரேஷனா ரேடியேஷனான்னு டாக்டர் முடிவு பண்றது வகை நம்பர வச்சு இல்ல, எந்த ஸ்டேஜ்ல கண்டுபிடிச்சோம்ங்கறத வச்சுதான், உயிர் பிழைக்கறதும் பெரும்பாலும் அதுலதான் இருக்கு.

எச்பிவி தடுப்பூசிய 14 வயசு பெண் பிள்ளைகளுக்கு போடுறதா 2025-26 பட்ஜெட்ல தமிழ்நாடு அரசு அறிவிச்சது. நம்ம நாட்டு செர்வாவாக் ஊசி 6, 11, 16, 18 நாலு வகையையும் தடுக்கும். ஏற்கனவே வந்த தொற்ற அது மாத்தாது, ஊசி போட்ட பிள்ளைகளும் 30 வயசுல டெஸ்ட் எடுக்கணும்.

சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும், வருமான வரம்பு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். கார்டு இல்லாதவங்க ரேஷன் கார்டு, ஆதார், வருமான சான்றிதழ் மூணையும் எடுத்துட்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல உள்ள காப்பீட்டு கவுண்டருக்கு போகணும், நோய் வர்ற வரை காத்திருக்காம இப்பவே எடுத்து வச்சிடுங்க. சந்தேகம்னா 104க்கு கூப்பிட்டு கேக்கலாம்.