போர்க்கால வாடகைச் சட்டம் போய்விட்டது: குடியிருப்போர் ஏமாறும் இடங்கள்

“முப்பது வருஷமா இருக்கோம், எங்களை யாரும் கிளப்ப முடியாது.” சென்னையின் பழைய தெருக்களில் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்த பலர் இன்று நோட்டீஸும் கையுமாக வக்கீலைத் தேடி அலைகிறார்கள். அவர்கள் நம்பியிருந்த சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்றே முடிந்துபோனது. அதை அவர்களிடம் வந்து சொல்ல ஆளில்லை.

பழைய கதை சுருக்கமாக. 1939-ல் வைஸ்ராய் நம்மில் யாரையும் கேட்காமல் இந்தியாவை உலகப் போரில் இறக்கினார். இரும்பும் சிமெண்டும் போர் வேலைக்குப் போயின, நகரங்களில் வாடகை ஏறியது. அதைப் பிடித்து நிறுத்த இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941-ல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. போர் முடிந்தது, வீட்டுப் பஞ்சம் முடியவில்லை. 1946, 1949, 1960 என்று அடுத்தடுத்த சட்டங்களாக அதே கட்டுப்பாடு நீடித்தது. அவசரத்துக்கு என்று வந்தது எழுபது வருஷத்துக்கு மேல் ஓடியது. நியாய வாடகை கேட்டு வழக்குப் போடலாம், சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது என்பதுதான் அது தந்த பலம்.

அதன் இடத்தில் வந்தது 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம். அதில் நியாய வாடகை என்பதே கிடையாது. இருவரும் ஒப்புக்கொண்டு எழுதியதுதான் வாடகை. ஆகவே இப்போது எல்லாமே அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

அந்தக் காகிதம் எப்படி இருக்கிறது? ஜெராக்ஸ் கடையில் முத்திரைத்தாளில் அச்சடித்தது. கதவு எண் பேனாவில், அட்வான்ஸ் தொகை ஓரத்தில். அசல் ஓனர் பீரோவில், நகல் நம் கையில். தப்பு இங்கேயே தொடங்குகிறது. ஒப்பந்தம் இரண்டு அசலாக இருக்க வேண்டும், ஒன்று உங்களுடையது. கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது 11 மாத நம்பிக்கை. “11 மாசம்தானே, பதிவு வேண்டாம்” என்பார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்குப் பொருந்தும் பேச்சு. புதிய சட்டத்தின்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்தான் அந்த அதிகாரி. இது தெரியாமல் சார்பதிவாளரிடம் போனால் தாலுகா ஆபீஸுக்குப் போ என்பார்கள், அங்கே போனால் “நெட்ல போடுங்க” என்பார்கள். நேராக tenancy.tn.gov.in தளத்துக்கே போய்விடுங்கள். ஓனர் ஒத்துழைக்காவிட்டால் அந்த 90 நாள் முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் நீங்கள் மட்டும் தனியாகவும் விவரம் கொடுக்கலாம். பல ஓனர்கள் வருமான வரிக்குப் பயந்து பதிவை இழுத்தடிப்பார்கள். அவர் பயம் அவருக்கு, நஷ்டம் உங்களுக்கு.

வாய்மொழியாகக் குடியிருக்கும் பழைய குடும்பங்கள்தான் அதிகம் அடிபடுகின்றன. எழுத்து ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி ஓனர் வெளியேற்றக் கேட்கலாம். ஒப்பந்தம் போட நீங்கள் தயார், அவர்தான் மறுக்கிறார் என்றால் அதை அவர் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் இன்றே எழுதி அனுப்புங்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும் என்று அதே பிரிவு சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டத்தைக் காட்டினால் எடுபடாது. பேரம் பேசுவதானால் கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள்.

இரண்டு மாத வாடகை நின்றால் வெளியேற்ற மனு வரலாம். ஆனால் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டால் தப்பிக்கலாம். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது வீரமல்ல, அந்த ஒரு மாதம்தான் வீணாகும். இன்னொரு தந்திரம், வாடகையை வாங்க மறுத்துவிட்டுப் பிறகு பாக்கி என்று வழக்குப் போடுவது. மறுத்தால் மணியார்டர் அனுப்புங்கள், அதுவும் திரும்பினால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம். முடிந்தவரை வங்கி வழியாகவே கொடுங்கள். கையில் கொடுத்த வாடகைக்குச் சுவர்தான் சாட்சி.

தண்ணீரையும் கரண்டையும் துண்டிக்க ஓனருக்கு அதிகாரம் கிடையாது, வாடகை பாக்கி இருந்தாலும் கிடையாது. ஸ்டேஷனுக்குப் போனால் “இது சிவில் மேட்டர்மா” என்று அனுப்பிவிடுவார்கள். மனுவை வாடகை அதிகாரியிடம் கொடுங்கள், இணைப்பைத் திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனு கொடுத்ததற்கு முத்திரையோடு ரசீது வாங்காமல் அந்த ஆபீஸை விட்டு வெளியே வராதீர்கள். “வச்சுட்டுப் போங்க, பார்க்கிறோம்” என்று சொன்னால் பார்க்க மாட்டார்கள்.

கோயில் இடம், வக்ஃபு இடம், அரசுக் கட்டடம் என்றால் இந்தச் சட்டத்தை நம்பிப் போகாதீர்கள், அவற்றுக்கு வழி வேறு. வாடகை ரசீது யார் பெயரில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

காலி செய்யும்போது சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும், அந்த மாதம் சாவி கைமாறிய தேதியிலிருந்து ஓடும். வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்து, தேதி போட்டு ஓனரின் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.