ஆல்டர் ஈகோ: மாறுவேடமா, கரந்துறை வாழ்வா?

முகமூடி அணிந்த நாயகன் அதைக் கழற்றிய பிறகு யாராக வாழ்கிறானோ, அந்த ஆளைக் காமிக்ஸ் வாசகர்கள் ‘ஆல்டர் ஈகோ’ என்கிறார்கள். சூப்பர்மேனுக்கு நிருபர் கிளார்க் கென்ட். ஸ்பைடர்மேனுக்குப் பத்திரிகைக்குப் படம் விற்கும் பீட்டர் பார்க்கர். டேர்டெவிலுக்குப் பார்வையற்ற வழக்கறிஞர் மேட் மர்டாக். மதுரையில் திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில் பழைய இதழ்களைக் கிளறுபவர்களும், தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது புதியவற்றை வாங்கிப்போகிறவர்களும் பேசும்போது ஆங்கிலச் சொல்லையே சொல்லிவிடுகிறார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் மட்டும் ‘மாறுவேடம்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்பது என் உறுதியான கருத்து. பொருந்தும் சொல் தமிழில் வெகுகாலமாகவே இருக்கிறது.

முதலில் மூலச் சொல்லைப் பார்ப்போம். இலத்தீனில் ‘ஆல்டர்’ என்றால் மற்றது. ‘ஈகோ’ என்றால் நான். சேர்த்தால் ‘மற்றொரு நான்’. தொடக்கத்தில் இதற்கும் முகமூடிக்கும் தொடர்பே இல்லை. என்னையும் அவனையும் பிரித்துச் சொல்ல முடியாது என்னும் அளவுக்கு நெருங்கிய நண்பனைத்தான் அது குறித்தது. இந்தப் பொருளைப் பாண்டி நாட்டார் புறநானூற்றிலேயே படித்திருக்கிறார்கள். பிசிர் என்னும் பாண்டி நாட்டு ஊரைச் சேர்ந்த ஆந்தையாரைப் பற்றிக் கோப்பெருஞ்சோழன் பாடுகிறான்: ‘தன்பெயர் கிளக்கும் காலை என்பெயர் பேதைச் சோழன் என்னும்’. உன் பெயர் என்ன என்று கேட்டால் நண்பனின் பெயரைத் தன் பெயராகச் சொல்கிறவர் அந்தப் புலவர். ஆல்டர் ஈகோ என்பதன் முதற்பொருளுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிற்காலத்தில் அந்தச் சொல்லின் பொருள் நண்பனை விட்டு நகர்ந்தது. ஒரே உடலுக்குள் குடியிருக்கும் இரண்டாவது ஆளையும் அது குறிக்கத் தொடங்கியது. 1886இல் வெளிவந்த டாக்டர் ஜெகில், ஹைடு கதை இந்தப் பொருளை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. பகலில் சோம்பேறிச் செல்வன், இரவில் துணிச்சல்காரன் என்னும் அமைப்பு 1905இல் ஸ்கார்லெட் பிம்பர்னெல் நாவலிலும், 1919இல் ஸோரோ கதையிலும் வந்துவிட்டது. 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனை அறிமுகப்படுத்தியபோது அந்த அமைப்பை ஓரிடத்தில் அடியோடு மாற்றினார்கள். அவர்களுடைய நாயகனுக்கு மாளிகையும் இல்லை, பண்ணையும் இல்லை. அவன் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். காமிக்ஸில் ஆல்டர் ஈகோ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் பிறப்பது இங்கேதான் என்பேன். அது வெறும் இன்னொரு முகம் அன்று. மேலதிகாரியும் வாடகையும் வேலை நேரமும் உள்ள ஒரு வாழ்க்கை.

இனி, தமிழில் புழங்கும் மாற்றுகள். ‘இரட்டை வேடம்’ என்பது திரையில் ஒரே நடிகர் இரண்டு பாத்திரங்களில் வருவது. அன்றாடப் பேச்சிலோ அது கபடத்தைக் குறிக்கும் வசை. கிளார்க் கென்ட்டை அப்படிச் சொல்வது அநியாயம். ‘புனைபெயர்’ பெயரோடு நின்றுவிடுகிறது. ‘தலைமறைவு’ என்றால் போலீஸ் தேடுகிறது என்று பொருள்.

‘மாறுவேடம்’ இவற்றைவிடப் பரவாயில்லை என்று தோன்றலாம். மதுரைக்காரர்களுக்கு மாறுவேடம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவிளையாடற் புராணத்தில் சொக்கநாதர் எடுக்காத தொழில் ஏது? பாணபத்திரருக்காக விறகு சுமந்து விற்றார். ஏமநாதன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடி, அந்தப் பெரிய பாடகனை இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடச் செய்தார். வணிகத் தெருவில் வளையல் விற்றார். குதிரை வணிகராக வந்தார். வந்திக் கிழவிக்காகப் பிட்டைக் கூலியாகப் பெற்று வைகைக் கரைக்கு மண் சுமந்தார்; பிரம்படியும் பட்டார். ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் இன்றும் அதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம். ஆனால் இந்த வேடங்கள் ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்காக வந்தவை. காரியம் முடிந்ததும் வேடம் கலைந்துவிடும். மறுநாள் விறகுக்கு யார் காட்டுக்குப் போவது என்ற கேள்வியே எழுவதில்லை. கிளார்க் கென்ட்டோ மறுநாள் காலையிலும் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

நமக்குத் தெரிந்த கதைகளில் ஆல்டர் ஈகோவுக்கு நெருங்கிய ஒன்று உண்டென்றால் அது விராட நாட்டில் பாண்டவர்கள் கழித்த ஓராண்டுதான். பீமன் சமையற்காரன். அருச்சுனன் நடன ஆசிரியை. நகுலனுக்குக் குதிரைகள், சகாதேவனுக்குப் பசுக்கள். எல்லாம் உண்மையான வேலைகள். நாள்தோறும் செய்ய வேண்டியவை. வலிமையைக் காட்டினால் அடையாளம் வெளிப்பட்டுவிடும்; காட்டாவிட்டால் திரௌபதியைக் காக்க முடியாது. கீசகனைக் கொல்லப் பீமன் இரவையும் இருட்டறையையும் தேர்ந்தெடுத்தது இந்த நெருக்கடியால்தான். ஏறக்குறைய எல்லா சூப்பர் ஹீரோ கதைகளும் இந்த நெருக்கடியை வைத்துத்தான் நடக்கின்றன.

அந்த ஓராண்டை வடமொழியில் அஞ்ஞாதவாசம் என்பார்கள். நல்ல தமிழில் அது ‘கரந்துறைதல்’. கரத்தல் என்றால் மறைத்தல், மறைதல். ‘கரவாது உவந்தீயும்’ என்று குறளில் வருவது இதே வினைதான். உறைதல் என்றால் வசித்தல். மறைந்து வசித்தல், கரந்துறைதல். கண்ணுக்குத் தெரியாத கோள்கள் என்று கருதப்பட்ட இராகு, கேதுவுக்குக் கரந்துறைகோள் என்று பெயர் உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்துவைக்கும் சித்திரகவி வகைக்குக் கரந்துறைச் செய்யுள் என்று பெயர். சித்திரகவியிலிருந்து சித்திரக்கதைக்கு இந்தச் சொல்லை அழைத்துவருவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ‘உறை’ என்பதற்கு மேலே போர்த்தும் கூடு என்ற பொருளும் உண்டு. முகமூடிக் கதைக்கு அதுவும் ஒத்துப்போகிறது. எனவே ஆல்டர் ஈகோவுக்குக் ‘கரந்துறை வாழ்வு’ என்பேன். அதற்குரிய பெயர் கரந்துறைப் பெயர். வேலை கரந்துறைத் தொழில். உண்மை வெளியே தெரிந்துவிட்டால் ‘கரவு உடைந்தது’ எனலாம்.

வேலையை நான் இத்தனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓர் எழுத்தாளர் தன் நாயகனை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது சண்டைப் பக்கங்களைவிட அலுவலகப் பக்கங்களில்தான் தெரிகிறது. 1962இல் ஸ்டீவ் டிட்கோவுடன் சேர்ந்து ஸ்பைடர்மேனைப் படைத்த ஸ்டான் லீயின் பலம் இதுவே. பீட்டர் பார்க்கர் தன்னையே படமெடுத்து விற்கிறான். வாங்கும் பத்திரிகை முதலாளியோ ஸ்பைடர்மேனைத் திட்டித் தலையங்கம் எழுதுகிறவர். அத்தைக்கு மருந்து வாங்க வேண்டுமானால் தன்னைத் திட்டும் பத்திரிகைக்குத் தானே படம் கொடுக்க வேண்டும். இப்படியொரு முடிச்சு எத்தனை வில்லன்களை வைத்தாலும் கிடைக்காது.

மேட் மர்டாக்கின் தொழிலோ இன்னும் ஆழமானது. பகலில் சட்டத்தின் பக்கம் நின்று வாதாடுகிறார்; இரவில் அதே சட்டத்தை மீறி அடிக்கிறார். 2001க்குப் பிறகு இந்தத் தொடரை எழுதிய பிரையன் மைக்கேல் பெண்டிஸ் உரையாடலில் வல்லவர். அவர் அந்தக் கரவை உடைத்து, செய்தித்தாளில் அச்சேற்றிவிட்டார். 2011இல் எழுத வந்த மார்க் வெய்ட் அதன் விளைவைத் தொழிலுக்குள்ளேயே தேடினார். மர்டாக் எழுந்து வாதாடினால் எதிர்த் தரப்பு ‘இவர்தான் டேர்டெவில்’ என்று கிளப்புகிறது, வழக்கு கெடுகிறது. ஆகவே கட்சிக்காரர்கள் தாங்களே வாதாடும்படி அவர் பயிற்சி கொடுக்கத் தொடங்குகிறார். ஒரு வழக்கறிஞரின் மூளை எப்படி வேலை செய்யும் என்று யோசித்த எழுத்தாளருக்கே இது தோன்றும். எனக்கு வெய்ட்டின் பக்கங்கள்தாம் இந்தத் தொடரில் மிகப் பிடித்தவை. உலகிலேயே வேகமான ஃபிளாஷ், தடயவியல் நிபுணர் பேரி ஆலனாக இருக்கும்போது எங்கும் தாமதமாக வருகிறவர். 1956இல் தொடங்கிய அந்தச் சின்ன ஏற்பாடும் அழகானது.

நம் பக்கத்துச் சிவகாசி தந்த நாயகர்களை இந்தச் சொல்லோடு வைத்துப் பார்த்தால் சுவையான முடிவுகள் கிடைக்கின்றன. 1972இல் முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவியின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டேல்; பேராசிரியர் ஒருவரின் ஆய்வக உதவியாளர். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை தவிர உடல் முழுவதும் மறைந்துவிடும். கரத்தல் உண்டு, உறைதல் இல்லை. ஆங்கிலத்தில் ஃபேன்டம் எனப்படும் வேதாளர் (ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு இவரும் மாயாவிதான்) நகரத்துக்கு வரும்போது கோட்டும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து வாக்கர் ஆகிறார். வேலையும் இல்லை, நிலையான முகவரியும் இல்லை, அது மாறுவேடமே. குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடருக்கோ (இவர் ஸ்பைடர்மேன் அல்ல, வேறொரு தொடரின் நாயகர்) மாறுவேடம், கரந்துறை வாழ்வு இரண்டுமே இல்லை. இயற்பெயர் கூடத் தெரியாது. அந்தத் தொடரின் பெரும்பகுதியை எழுதியவர் யார் தெரியுமா? கிளார்க் கென்ட்டுக்கு நிருபர் வேலை போட்டுக்கொடுத்த அதே ஜெர்ரி சீகல்.

இரண்டில் எது உண்மை ஆள், எது மறைப்பு என்பது வாசகர்கள் ஓயாமல் வாதாடும் கேள்வி. பழைய கதைகளில் சூப்பர்மேனே உண்மை. கண்ணாடி போட்ட கிளார்க் வேடம். 1986இல் ஜான் பைர்ன் இதைப் புரட்டிப்போட்டார். கான்சஸ் பண்ணையில் வளர்ந்த கிளார்க்கே உண்மை ஆள், சூப்பர்மேன் அவர் செய்யும் காரியம் என்றார். பேட்மேனிடம் இது தலைகீழ். ஊரறிந்த உல்லாசச் செல்வன் புரூஸ் வெய்ன்தான் அங்கே முகமூடி என்று பலர் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். ஆகவே பழைய கிளார்க்குக்கும் புரூஸ் வெய்னுக்கும் ‘மாறுவேடம்’ என்று யாராவது எழுதினால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

கரந்துறை என்ற சொல்லுக்கு அடங்காத ஒருவர் மட்டும் இருக்கிறார், ஹல்க். இயற்பியல் விஞ்ஞானி புரூஸ் பேனர் விரும்பி மறைவதில்லை. கோபம் வந்தால் அவரை விலக்கிவிட்டு இன்னொருவன் வந்து நிற்கிறான். 1987 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இத்தொடரை எழுதிய பீட்டர் டேவிட், இதைச் சிதைந்த மனத்தின் கதையாகவே எழுதி, பேனரையும் பச்சை ஹல்க்கையும் சாம்பல் ஹல்க்கையும் ஒரு மனநல மருத்துவரின் முன் உட்காரவைத்தார். மற்றொரு நான் என்ற இலத்தீன் பொருள் சிறிதும் பிசகாமல் பொருந்துவது இவருக்குத்தான். இவருக்கு ‘மறுமுகம்’ என்றே எழுதலாம்.