மின்னோட்டம் செலவாவதில்லை

சென்ற வாரம் ஒரு மாணவியின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மின்சுற்றில் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் கண்டுபிடிக்க உதவும் கிர்க்காஃப் விதிகளைக் கொண்டு போட வேண்டிய நீளமான கணக்கு. மூன்று சமன்பாடுகள், ஒரு குறிகூடத் தவறவில்லை. முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஒரு சின்னக் கேள்வி: ஒரு மின்கலத்துடன் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடர் இணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளன, எது அதிகமாக ஒளிரும்? அவள் படம் வரைந்து அம்புக்குறிகள் இட்டிருந்தாள். முதல் பல்புக்கு முன்னால் தடித்த அம்பு. அதைத் தாண்டியதும் மெல்லிய அம்பு. இரண்டாவதையும் தாண்டிய பிறகு, பென்சில் தாளைத் தொட்டும் தொடாமலும் ஒரு கோடு. கீழே விளக்கம்: "முதல் பல்பு மின்னோட்டத்தில் பாதியை எடுத்துக்கொள்வதால் இரண்டாவது மங்கலாக எரியும்."

இந்தப் படத்தை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பார்த்துச் சலித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. அந்தப் பிள்ளைகள்மேல் அல்ல. கம்பிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாள்கூடப் பேசாமல், சமன்பாட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிய நம்மேல்.

குழப்பம் வகுப்பறைக்கு வரும் முன்பே தொடங்கிவிடுகிறது. 'மின்சாரம்' என்ற ஒரே சொல்லை வைத்து மூன்று வேலைகளைச் செய்கிறோம். மின்சாரம் பாய்கிறது என்கிறோம், அது மின்னோட்டம். மின்சாரம் செலவாகிறது என்கிறோம், அது ஆற்றல். மின்சாரம் குறைவாக வருகிறது என்கிறோம். அது பெரும்பாலும் மின்னழுத்தம். பாய்வதும் செலவாவதும் ஒரே பொருள்தான் என்று பத்துப் பன்னிரண்டு வருடங்களாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பாய்வது வழியில் செலவாகிவிடும் என்று நினைப்பதில் என்ன வியப்பு? மின்கட்டண மீட்டர் எண்ணுவது ஆற்றலை. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். உள்ளே சென்ற எலக்ட்ரான்கள் எத்தனையோ அத்தனையும் திரும்பிவிடுகின்றன.

சைக்கிள் சங்கிலியை நினைத்துப் பாருங்கள். மிதிப்பவரின் ஆற்றல் சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. சாலையில் உராய்ந்து, காற்றைத் தள்ளித் தீர்கிறது. ஆனால் சங்கிலியின் கண்ணி ஒன்றாவது பின்சக்கரத்தில் காணாமல் போகிறதா? மேலே எத்தனை கண்ணி போகிறதோ கீழே அத்தனையும் திரும்புகிறது. மேலே வேகமாகவும் கீழே மெதுவாகவும் ஓடவும் அதனால் முடியாது. பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை மட்டும்தான். ஆகவே அந்த இரண்டு பல்புகளும் ஒரே அளவுதான் ஒளிரும்.

இதைச் சொன்னதும் அந்த மாணவி கேட்டாள்: "இரண்டாவது பல்பைச் சேர்த்தால் முதல் பல்பும் மங்குகிறதே சார், மின்னோட்டம் அதுவரை போய்ச் சேர்வதற்கு முன்பே முதல் பல்புக்கு எப்படித் தெரியும்?" அருமையான கேள்வி. மின்கலத்திலிருந்து கிளம்பி ஒவ்வொரு பல்பாக வரிசையில் சந்திக்கும் பயணியாக மின்னோட்டத்தை நினைப்பதால் வருவது. எலக்ட்ரான்கள் கம்பி முழுவதும் ஏற்கெனவே இருக்கின்றன. சுவிட்சைப் போட்டதும் எல்லாம் சேர்ந்து நகரத் தொடங்குகின்றன. சங்கிலி எங்கே இறுகினாலும் முழுச் சங்கிலியும் மெதுவாவது போல, எங்கே தடை கூடினாலும் சுற்று முழுவதற்கும் மின்னோட்டம் குறைகிறது. எலக்ட்ரான்களின் வேகமும் பிள்ளைகள் நினைப்பது போல் இல்லை. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது அவற்றின் இழுப்புத் திசைவேகம், அதாவது அவை சராசரியாக முன்னேறும் வேகம், நொடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம். பல்பு உடனே எரிவதற்குக் காரணம் எலக்ட்ரான்களை நகர்த்தும் தள்ளல் ஒளியின் வேகத்துக்கு நெருக்கமான வேகத்தில் பரவுவதே.

வாயால் சொன்னால் போதாது என்று மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைக் கொண்டுவந்து மூன்று இடங்களில் இணைக்கச் சொன்னேன்: முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், கடைசியில். மூன்று இடத்திலும் ஒரே அளவீடு. அவள் முதலில் அம்மீட்டரைத்தான் சந்தேகப்பட்டாள். வேறொன்றை எடுத்துத் திரும்பவும் பார்த்தாள். அதுதான் சரியான வழி.

இதன் உறவுக்காரத் தவறு ஒன்று உண்டு: மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும் என்பது. தராது. அது ஏறத்தாழ மாறாமல் வைத்திருப்பது முனைகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை. பக்க இணைப்பில், அதாவது அதே இரு முனைகளுக்கு இடையே தனி வழியாக, இன்னொரு பல்பைச் சேர்த்தால் இருக்கும் மின்னோட்டம் பங்கு பிரிவதில்லை, கூடுதலாக இழுக்கப்படுகிறது. 'இடையிலான' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். இந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் என்று கேட்டால், எதைப் பொறுத்து என்று திருப்பிக் கேளுங்கள்.

காந்தவியலில் சிக்கல் வேறு. மின்புலத்தில் விசை புலத்தின் கோட்டிலேயே இருக்கும்; அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகள் அப்படியே இங்கே கொண்டுவருகிறார்கள். காந்தப்புலம் எந்தத் திசையிலோ விசையும் அந்தத் திசையில் என்று எழுதுகிறார்கள். அசையாமல் நிற்கும் மின்துகளைக் காந்தப்புலம் தொடுவதே இல்லை. நகர்ந்தால் விசை புலத்துக்கும் திசைவேகத்துக்கும் செங்குத்து. ஆகவே அது வேகத்தைக் கூட்டாது, குறைக்காது, திசையை மட்டும் திருப்பும். தேர்வு அறையில் நான் கண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வலது கையில் பேனா இருப்பதால், விசையின் திசையை விரல்களால் கண்டுபிடிக்கும் வலக்கை விதிக்கு இடது கையை மடக்கிப் பார்க்கும் பிள்ளைகள் நிறையப் பேர். விடை நேர் எதிராக வருகிறது. பேனாவைக் கீழே வையுங்கள்.

மின்காந்தத் தூண்டலில், சுருளுக்குள் காந்தம் இருந்தால் மின்னோட்டம் வரும் என்று நம்புகிறவர்கள் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் கொலாடோனைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1825-இல் ஜெனீவாவில் அவர் இதே சோதனையைச் செய்தார். காந்தம் முள்ளைப் பாதிக்கக் கூடாது என்று சிறு மின்னோட்டத்தையும் முள்ளின் அசைவால் காட்டும் கால்வனாமீட்டரை வேறு அறையில் வைத்தார். சுருளுக்குள் காந்தத்தைச் செருகிவிட்டு நடந்துபோய்ப் பார்த்தார். முள் அசையவில்லை. அசைந்திருக்கும், அவர் போய்ச் சேர்வதற்குள் சுழிக்குத் திரும்பியிருக்கும். 1831-இல் ஃபாரடே அந்தக் கண நேரத் துடிப்பைக் கண்டுகொண்டார். காந்தப்பாயம், அதாவது சுருளின் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, மாறும்போது மட்டும்தான் மின்னோட்டம். இருப்பது போதாது, மாற வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சுவர் பிளக்கில் எந்தச் சோதனையும் கூடாது, ஒருபோதும். 1.5 வோல்ட் செல் ஒன்றிரண்டு போதும். லித்தியம் மின்கலத்தின் முனைகளைக் கம்பியால் நேரடியாக இணைக்காதீர்கள்; தீப்பிடிக்கும். அம்மீட்டரைச் சுற்றை வெட்டி நடுவில் இணையுங்கள். மின்கலத்தின் இரு முனைகளிலும் நேராக வைத்தால் அம்மீட்டரின் தடை மிகக் குறைவு என்பதால் ஃபியூஸ் போகும். மல்டிமீட்டரில் ஆம்பியர் அளந்துவிட்டு, கம்பி செருகிய துளையை மாற்றாமலே வோல்ட் அளக்கப் போகிறவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஃபியூஸ் மாற்றும் வேலையில் பாதி இதனால்தான். வலிமையான சிறு காந்தங்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

மாணவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கணக்கைத் தொடங்கும் முன், எது கூடும், எது குறையும், எது மாறாது என்று படத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு கணக்குப் போடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வரியைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். நான் முதலில் படிப்பது அதைத்தான்.