அபசாரமா அபச்சாரமா, அதுக்கு நம்ம தமிழ்ச் சொல் எது?

சின்ன வயசுல திருநெல்வேலியில தாமிரபரணிக் கரையில இருக்குற குறுக்குத்துறை படித்துறைக்குக் குளிக்கப் போனா ஆச்சியும் கூடவே வருவா. வாய் கொப்புளிச்சு ஆத்துத் தண்ணிக்குள்ளயே துப்பிட்டேன்னு வைங்க, "ஏலேய், அது தாய்லா, அவ மேலயா துப்புவ, அபச்சாரம்ல"ன்னு முதுகுல ஒண்ணு விழும், துப்பணும்னா கரையேறிப் போயி மண்ணுலதான் துப்பணும். வட்டில்ல சோத்தை மிச்சம் வச்சாலும் அபச்சாரம், புஸ்தகத்துல கால் பட்டாலும் அபச்சாரம், கோயில் விளக்குக்குன்னு வாங்கி வச்ச எண்ணெய்ல அப்பளம் பொரிச்சாலும் அபச்சாரம்தான். இதுல பாதி மரியாதைக் குறைவு, பாதி ஒரு பொருளை எதுக்கு இருக்கோ அதுக்கு இல்லாம வேற எதுக்கோ பயன்படுத்துறது. ரெண்டுக்கும் ஆச்சிக்கு ஒரே சொல்லு போதுமா இருந்துச்சு. அது எப்படின்னு ரொம்ப நாளா எனக்குள்ள ஓடிக்கிட்டே இருந்த கேள்வி.

சொல்லு சம்ஸ்கிருதத்துலேர்ந்து வந்தது. அப + சாரம். சாரத்துக்கு வேர் 'சர்', நடக்குறது, போறது, நடந்துக்கிறதுன்னு பொருள். 'அப'ன்னா விலகி. அப்போ வழியை விட்டு விலகி நடக்குறதுதான் அபசாரம். இதுக்கு நேர் எதிரா நிக்கிறது உபசாரம், 'உப'ன்னா கிட்டத்துல, பக்கத்துல போயி கவனிக்கிறது. கோயில்ல சாமிக்கு 16 உபசாரம்னு சொல்லுதாங்கல்லா, விருந்தாளிக்கு நாம செய்றதையும் உபசாரம்னுதான் சொல்லுதோம். இந்தியில இன்னைக்கும் உபசார்னா நோயாளிக்குப் பாக்குற சிகிச்சை. அதே மாதிரி சம்ஸ்கிருதத்துல அபசாரத்துக்கு பத்தியம் தப்புறது, உடம்புக்கு ஆகாததைச் சாப்பிடுறதுன்னும் ஒரு பொருள் உண்டு, அதாவது சொந்த உடம்பைத் தப்பா நடத்துறதும் அபசாரத்துல சேர்த்திதான். ஆச்சி சோத்துக்கும் சாமிக்கும் ஒரே சொல்லைப் போட்டது பழைய பொருளுக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கு பாருங்க.

எழுத்துக்கு வருவோம். மூலத்துல ஒத்தை 'ச'தான், அதனால அபசாரம்னு எழுதுறதுதான் மூலத்தோட ஒத்துப் போறது. ஆனா தமிழ்ல ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தை ச வந்தா 'பாசம்', 'வாசல்'ல வர்ற மாதிரி மெல்லிசாத்தான் ஒலிக்கும், அழுத்திச் சொல்லணும்னா 'ச்ச' போட்டாத்தான் ஆகும். அப்படித்தான் பிரசாரம் பிரச்சாரம் ஆச்சு, கலாசாரம் கலாச்சாரம் ஆச்சு, ஆசாரம் ஆச்சாரமாவும் விபசாரம் விபச்சாரமாவும் ஆச்சு. உபசாரம் மட்டும் எப்படியோ தப்பிச்சிருச்சு, உபச்சாரம்னு எழுதுறவங்க கம்மிதான். என்னைக் கேட்டா எழுதும்போது அபசாரம், பேச்சை அப்படியே எழுதும்போது அபச்சாரம்னு வச்சிக்கிடலாம், ஆச்சி வாயில அபசாரம்னு போட்டா அது ஆச்சி பேசுன மாதிரியே இருக்காது.

வைணவத்துல இது ரொம்பக் கனமான சொல்லு. ஆழ்வார்திருநகரி, நாங்குநேரி பக்கத்துப் பெரியவங்ககிட்ட பேசினா பகவதபசாரம் (பெருமாளுக்குச் செய்றது), பாகவதாபசாரம் (அடியார்க்குச் செய்றது), அஸஹ்யாபசாரம் (பொறுக்கவே முடியாதது)னு மூணா பிரிச்சுச் சொல்லுவாங்க. பெருமாளுக்குச் செய்ற அபசாரத்தை விட அடியார்க்குச் செய்ற அபசாரம் கொடிசுங்கிறது அவங்க கணக்கு. இதே பக்கத்துல சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடைன்னு திருவிழா எடுக்குற ஊர்ல யாரும் அபசாரம்னு சொல்ல மாட்டாங்க, "சாமிகுத்தம் ஆயிரும்"னுதான் சொல்லுவாங்க. குத்தம்னா குற்றம், சுத்தமான தமிழ். சாமி சம்பந்தப்பட்ட இடத்துல அபசாரத்துக்குப் பதிலா இதைத் தாராளமா எழுதலாம், எழுத வெக்கப்பட வேண்டியதே இல்ல.

மத்த இடத்துல அபசாரத்துக்குப் பதிலா பொதுவா எல்லாரும் போடுற சொல்லு அவமரியாதை, அவமதிப்பு. ரெண்டுலயும் 'அவ'ங்கிற சம்ஸ்கிருத முன்னொட்டு இருக்கு, மரியாதையும் கூட வடக்கேருந்து வந்ததுதான். இளக்காரம், எளப்பம்னு நம்ம பேச்சுல நெறைய இருந்தாலும் அதெல்லாம் மனசுல இருக்குற எண்ணத்தைத்தான் சொல்லுது, செஞ்ச காரியத்தைச் சொல்லல.

நான் தேடித் தேடிக் கடைசில வந்து நின்ன இடம் குறள். 90-வது அதிகாரம், 'பெரியாரைப் பிழையாமை'. இந்தப் 'பிழை'தான் சொல்லு. இன்னைக்கு நாம பிழைச்சான்னா உயிரோட இருக்கான்னு மட்டும் எடுத்துக்கிடுதோம், பழைய தமிழ்ல குறி தப்புறதுக்கு அதுதான் பேரு. 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது'ன்னு 772-வது குறள், அங்க பிழைத்த வேல்னா யானை மேல படாம தப்பிப் போன வேல். அதே மாதிரி ஒழுகுதல்னா ஓடுறது, போறது, அதுலேர்ந்து நடந்துக்கிறது, ஒழுக்கம். இப்போ 896-வது குறளைப் படிங்க: 'எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார் பெரியார்ப் பிழைத்தொழுகு வார்.' பிழைத்து + ஒழுகல், விலகி + நடத்தல், அப + சாரம். துண்டு துண்டாப் பிரிச்சு வச்சாலும் ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்துது! இதை முதல்ல கவனிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

சரி, தப்பா பயன்படுத்துற அந்தப் பாதிக்கு? பேப்பர்ல 'அதிகார துஷ்பிரயோகம்'னு போடுதாங்க, துஷ் = கெட்ட, பிரயோகம் = பயன்படுத்துறது. தமிழ்ல முறைகேடுன்னு சொன்னாலே முக்கால்வாசி இடத்துல போதும், பணம்னா கையாடல். இலங்கையில 'சிறுவர் துஷ்பிரயோகம்'னு எழுதுற வழக்கம் இருக்கு, அதை மட்டும் என்னால ஏத்துக்கிட முடியல, பிள்ளைங்க பயன்படுத்துற பொருளா என்ன, அதுக்குக் கொடுமைன்னே எழுதணும். அதிகாரத்துக்கோ சிலப்பதிகாரம் பதிகத்துலயே சொல்லு ரெடியா இருக்கு: 'அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற் றாவதூஉம்'. ஆட்சி முறையில தப்பி நடந்தவங்க, அரசியல் பிழைத்தோர். மறுபடியும் அதே பிழை. பெரியவங்களை மதிக்காததும் பிழைத்தல், கையில இருக்குற அதிகாரத்தைத் தப்பா நடத்துறதும் பிழைத்தல், ஆச்சியோட அபச்சாரம் ரெண்டு பக்கமும் போன மாதிரியே இதுவும் போகுது.

பாபநாசத்துல பரிகாரம்னு சொல்லிக் குளிச்சிட்டு, கட்டியிருந்த துணிய ஆத்துலயே விட்டுட்டுப் போறாங்கல்லா, ஈரச் சேலை பாறை இடுக்குல சிக்கி பாசி பிடிச்சு, முங்கி எந்திரிச்சா கால்ல சுத்துது. சாமி பேரைச் சொல்லித்தான் அதைச் செய்றாங்க. 'மாசுபடுத்தாதீர்'னு போர்டு வச்சா அது நமக்கு இல்லன்னு தாண்டிப் போயிருதாங்க, அங்க நான் எழுதுறதா இருந்தா 'ஆத்துல துணி விடுறது தாமிரபரணிக்குச் செய்ற பிழை'ன்னுதான் எழுதுவேன், கீழயே சின்ன எழுத்துல 'சாமிகுத்தம்'னும் போட்டுருவேன்.