லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் வீட்டுவசதி வரி: பணம் எங்கே போகிறது, நகரங்களுக்கு என்ன ஆகிறது?

கலிஃபோர்னியாவில் பல நகரங்களை உள்ளடக்கிய, மாவட்டம் போன்ற லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் இருக்கிறது ஆர்டீசியா. அந்த நகரத்தின் பயனியர் பொலிவார்டில், செய்கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்கு ஒருவர் தங்கச் சங்கிலி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நகரத்துக்கென்று தனி விற்பனை வரி எதுவும் இல்லாத இடமாக இருந்தால், 2025 மார்ச் 31 வரை அந்தச் சங்கிலிக்கு 95 டாலர் வரி விழுந்திருக்கும். மறுநாள், ஏப்ரல் 1 முதல், அதே சங்கிலிக்கு 97 டாலர் 50 சென்ட். கூடுதல் தொகை இரண்டரை டாலர்தான் என்பதால் பலர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அந்தச் சிறிய உயர்வுக்குப் பின்னால், கவுண்டி அளவில் புதிதாக உருவான ஒரு வீட்டுவசதி முகமையும், அதன் வழியே 88 நகரங்களின் நிதி உரிமையில் ஏற்பட்டுள்ள மாற்றமும் இருக்கின்றன. அந்தப் பகுதியில் வாழ்பவர்கள், குறிப்பாக வாடகை வீட்டில் இருப்பவர்கள், இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் வீட்டுவசதி ஆணையம் என்று அழைக்கப்படும் அமைப்புகளுக்குப் பொதுவாக வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாடகை உதவிச் சீட்டு வழங்குவதும், அரசுக் குடியிருப்புகளைப் பராமரிப்பதும் அவற்றின் வேலை. பணம் பெரும்பாலும் ஒன்றிய அரசின் வீட்டுவசதித் துறையிலிருந்து வருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் இந்த வேலையைச் செய்வது கவுண்டி மேம்பாட்டு ஆணையம். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச், பாசடீனா போன்ற நகரங்கள் தங்களுக்கென்று தனி வீட்டுவசதி ஆணையங்களை வைத்திருக்கின்றன. இவற்றில் எதுவும் மக்களிடம் நேரடியாக வரி கேட்க முடியாது.

அந்த அதிகாரத்தோடு பிறந்த அமைப்பு வேறு. 2022இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் செனட் மசோதா 679ஐ நிறைவேற்றி, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கட்டுபடியாகும் வீட்டுவசதித் தீர்வுகள் முகமை என்ற ஒன்றை உருவாக்கியது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை லக்காசா என்கிறார்கள். மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போது மாநில செனட்டராக இருந்த சிட்னி காம்லாகர். வீட்டுமனைக்கு இவ்வளவு என்று விதிக்கும் மனை வரி உள்ளிட்ட வழிகளில் கவுண்டி முழுவதும் நிதி திரட்டவும், கடன் பத்திரம் வெளியிடவும், அந்தப் பணத்தைக் குறைந்த வாடகை வீடுகள் கட்டவும், இருக்கும் வீடுகளைக் காக்கவும், வாடகைதாரர்களைப் பாதுகாக்கவும் செலவிடவும் இச்சட்டம் வழி செய்தது. ஆனால் முகமை தன் விருப்பப்படி ஒரு வரியைப் போட்டுவிட முடியாது. எந்தப் புதிய வரியும் கவுண்டி வாக்காளர்களின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும்.

இப்படி ஒரு முகமை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 2012க்குப் போக வேண்டும். அதுவரை கலிஃபோர்னிய நகரங்கள் பலவற்றில் மறுமேம்பாட்டு முகமைகள் இருந்தன. ஒரு பகுதியைச் சீரமைத்து, அதனால் சொத்து மதிப்பு உயர்ந்து, கூடுதலாக வரும் சொத்து வரியை அவை எடுத்துக்கொண்டன. அதில் 20 சதவீதத்தைக் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களின் வீட்டுவசதிக்கு ஒதுக்கியாக வேண்டும் என்பது விதி. மாநில நிதி நெருக்கடியின்போது அந்த முகமைகளைக் கலைக்கச் சட்டம் வந்தது. 2012 பிப்ரவரி 1 அன்று அவை மறைந்தன. கூடவே நகரங்களின் கையில் இருந்த வீட்டுவசதிப் பணமும் வற்றிப்போனது. இத்தனை வீடுகளுக்கு இடம் ஒதுக்கு என்ற மாநிலத்தின் இலக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது. நடப்புச் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு மட்டும் கொடுக்கப்பட்ட இலக்கு 4,56,643 வீடுகள். பணம் இல்லாமல் இலக்கு மட்டும் இருப்பதால் எந்த வீடும் எழும்பிவிடாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கவுண்டி அளவிலான முகமை வந்தது என்பதை மறந்துவிட்டு, இது நகரங்களின் அதிகாரத்தைப் பறிக்கும் முயற்சி என்று மட்டும் பேசுவது சரியல்ல.

லக்காசாவுக்கு நிரந்தர வருமானத்தைத் தந்தது 2024 நவம்பர் 5 அன்று நடந்த வாக்கெடுப்பு. மெஷர் ஏ என்ற அந்த முன்மொழிவு, நூறு டாலருக்கு 50 சென்ட் என்ற விற்பனை வரியைக் கவுண்டி முழுவதற்கும் கொண்டுவந்தது. வீடற்றோர் சேவைகளுக்காக 2017இல் வந்திருந்த, நூறு டாலருக்கு 25 சென்ட் என்ற மெஷர் எச் வரியை அது நீக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது. பழைய வரிக்கு 10 ஆண்டுக் காலவரம்பு இருந்தது, புதியதற்கு இல்லை. வாக்காளர்களே திரும்பவும் வாக்களித்து நீக்கும்வரை அது தொடரும். மெஷர் எச் கவுண்டி நிர்வாகம் கொண்டுவந்த சிறப்பு வரி என்பதால் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. மெஷர் ஏ மக்களிடம் கையெழுத்துத் திரட்டி வந்த முன்மொழிவு. அத்தகைய முன்மொழிவுகளுக்கு, 2017இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் அப்லாண்ட் நகர வழக்கில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்ற நிலை உருவாகியிருக்கிறது. சுமார் 58 சதவீத ஆதரவோடு அது நிறைவேறியது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். மெஷர் ஏ என்பது லக்காசா விதித்த வரி அல்ல. அது கவுண்டியின் வரி, அதில் லக்காசாவுக்கு ஒரு பங்கு உண்டு. சட்டம் தந்த சொந்த வரி அதிகாரம், மனை வரி போன்றவை, இன்னும் தனியாக முகமையின் கையில் இருக்கிறது. நாளை அது வேறொரு வரியை வாக்குச்சீட்டில் கொண்டுவந்தால், அது இதற்கு மேல் வருவதாக இருக்கும்.

இனி அந்தச் சங்கிலிக்குத் திரும்புவோம். 97 டாலர் 50 சென்ட் வரியில் 72 டாலர் 50 சென்ட், மாநிலம் முழுவதற்கும் பொதுவான 7.25 சதவீதம். இதற்குள்தான் கடை இருக்கும் நகரத்தின் பங்கும் இருக்கிறது: விலையில் 1 சதவீதம், அதாவது 10 டாலர். அடுத்த 20 டாலர், 1980, 1990, 2008, 2016 ஆகிய ஆண்டுகளில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட நான்கு போக்குவரத்து வரிகள். மிச்சமுள்ள 5 டாலர்தான் மெஷர் ஏ. அந்த ஐந்தில் 60 சதவீதம், 3 டாலர், வீடற்றோருக்கான சேவைகளுக்குப் போகிறது. 35.75 சதவீதம், ஏறத்தாழ 1 டாலர் 79 சென்ட், லக்காசாவுக்கு. கவுண்டி மேம்பாட்டு ஆணையத்துக்கு 3 சதவீதம், 15 சென்ட். மீதி 6 சென்ட் அளவுக்குக் கணக்குப் பொறுப்பு, தரவு போன்றவற்றுக்கு. கவுண்டி முழுவதும் இப்படிச் சேரும் தொகை ஆண்டுக்குச் சுமார் 110 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. லக்காசாவின் பங்கு மட்டும் 38 கோடி டாலரை ஒட்டி வருகிறது. வீட்டில் சமைக்க வாங்கும் அரிசி, பருப்பு, காய்கறிகளுக்கும், மருத்துவர் சீட்டின் பேரில் வாங்கும் மருந்துகளுக்கும் கலிஃபோர்னியாவில் விற்பனை வரி இல்லை. உணவகத்தில் சூடாகப் பரிமாறும் தோசைக்கு உண்டு. புடவைக்கும் மிக்ஸிக்கும் உண்டு.

இந்தக் கணக்கில் நகரத்தின் 10 டாலர் தொடப்படவில்லை என்பது உண்மை. ஆகவே கவுண்டி வரி நகரத்தின் வருமானத்தைப் பறித்துக்கொண்டது என்ற வாதம் நேரடியாக நிற்காது. பாதிப்பு வேறு வழியில் வருகிறது. கலிஃபோர்னியச் சட்டப்படி, மாநிலப் பொது விகிதத்துக்கு மேல் ஒரு இடத்தில் சேரக்கூடிய உள்ளூர் விற்பனை வரிகளின் கூட்டுத்தொகை 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்ட வேண்டுமானால் சட்டமன்றம் தனி விலக்குத் தர வேண்டும். 2008, 2016 போக்குவரத்து வரிகளுக்கு அந்த விலக்கு கிடைத்திருந்தது. 1980, 1990 போக்குவரத்து வரிகளையும் மெஷர் எச்சையும் கூட்டினால் 1.25 சதவீதம் போய்விட, நகரங்களுக்கு மிஞ்சியிருந்தது முக்கால் சதவீதம் மட்டுமே. அந்த முக்கால் சதவீதத்தைக் கவுண்டியோ வேறு வட்டார அமைப்போ எடுத்துக்கொள்வதற்கு முன்பு நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு நகர மன்றங்களில் எழுந்தது. 2018இல் கிளெண்டேல், பர்பாங்க், பாசடீனா ஆகிய நகரங்களும், அதற்குப் பின் வேறு பல நகரங்களும் முக்கால் சதவீத வரியை வாக்கெடுப்பின் மூலம் கொண்டுவந்து 10.25 சதவீதத்தை எட்டின. பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்திவிடுவாரோ என்ற அச்சத்தில் அவசரமாகச் சுவர் எழுப்புவதைப் போன்ற நிலை அது. கவுண்டி அளவிலான ஒரு வரி அதிகாரம், அது பயன்படுத்தப்படுவதற்கு முன்பே, நகரங்களின் நடத்தையை மாற்றிவிடும் என்பதை இதில் பார்க்கலாம்.

மெஷர் ஏ அந்த இடத்தை விழுங்கவில்லை. 2023இல் வந்த சட்டமன்ற மசோதா 1679, வீடற்ற நிலையைத் தீர்ப்பதற்காக லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி அரை சதவீதம் வரை உச்சவரம்புக்கு வெளியே விதித்துக்கொள்ள அனுமதி தந்தது. அதனால் முக்கால் சதவீதம் எடுத்திருந்த நகரங்களில் மொத்த விகிதம் 10.5 ஆனது. லான்காஸ்டரும் பாம்டேலும் மாநிலத்திடம் தங்களுக்கென்று ஒரு விலக்குப் பெற்று, வாக்காளர்களிடம் கூடுதல் வரிக்கும் ஒப்புதல் வாங்கியதால், அங்கே 11.25 சதவீதம். சட்டப்படி இடம் இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே பத்தைத் தாண்டிவிட்ட விகிதத்தைக் காட்டி, நூலகத்துக்கோ தீயணைப்புக்கோ இன்னும் ஒரு கால் சதவீதம் தாருங்கள் என்று ஒரு சிறிய நகரம் தன் மக்களிடம் கேட்பது முன்னைவிடக் கடினம். என் பார்வையில், நகரங்கள் இழப்பதில் பெரியது இந்த வாய்ப்புதான்.

எல்லையோர நகரங்களுக்கு இன்னொரு கவலை உண்டு. செரிட்டோஸைத் தாண்டினால் ஆரஞ்சு கவுண்டி. அங்கே அடிப்படை விகிதம் 7.75 சதவீதம்தான், சில நகரங்களில் மட்டும் சற்றுக் கூடுதல். பெரிய கொள்முதல்கள் எல்லை தாண்டினால் நகரம் தன் 1 சதவீதப் பங்கையும் சேர்த்தே இழக்கிறது. ஆனால் காருக்கு இந்த உத்தி பலிக்காது. வண்டியை எந்த முகவரியில் பதிவு செய்கிறீர்களோ அந்த இடத்தின் வட்டார வரிதான் பொருந்தும்.

பணம் திரும்பி வரும் வழியில்தான் நகரங்களின் குறை கூர்மையாகிறது. லக்காசாவின் நிதியில் 70 சதவீதம் தகுதிபெற்ற உள்ளாட்சிகளுக்கு நேரடியாகப் பிரிகிறது. 30 சதவீதத்தை முகமை தானே கவுண்டி முழுவதும் செலவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச், கிளெண்டேல், சாண்டா கிளாரிட்டா ஆகிய நகரங்களும், எந்த நகரத்திலும் சேராத பகுதிகளுக்காகக் கவுண்டியும் நேரடியாகப் பங்கு பெறுகின்றன. மற்றச் சிறு நகரங்களுக்கான பங்கு, சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு, சவுத் பே, கேட்வே நகரங்கள் போன்ற வட்டாரக் கூட்டமைப்புகளின் வழியே வருகிறது. ஆர்டீசியாவும் செரிட்டோஸும் கேட்வே கூட்டமைப்பில் இருப்பவை. பங்கைத் தீர்மானிப்பது எவ்வளவு வரி வசூலானது என்ற கணக்கல்ல, வீட்டுத் தேவை. ஆகவே, சில நூறு பேரே வசிக்கும், ஆனால் கிடங்குகளும் கடைகளும் நிறைந்த இண்டஸ்ட்ரி நகரம் போன்ற இடத்தில் வசூலாகும் பணம், பெரும்பாலும் வேறெங்கோ ஒரு குடும்பத்தின் கூரையாகத்தான் மாறும். இதை அநியாயம் என்று நான் கருதவில்லை. வாடகை கொடுக்க முடியாமல் ஒரு நகரத்தில் வெளியேற்றப்படும் குடும்பம் அடுத்த நகரத்தில்தான் தெருவுக்கு வருகிறது. ஆனால் தேவை உள்ள ஒரு சிறிய நகரம், தன் பங்கைப் பெற இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களுள்ள ஒரு கூட்டமைப்பில் வாதாட வேண்டியிருப்பது உண்மையான சுமை. லக்காசாவின் ஆட்சிக் குழுவில் 21 பேர். அதில் கவுண்டியை ஆளும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மேற்பார்வையாளர்களும் உண்டு. சிறு நகரங்களுக்கு அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்காலி இல்லை.

நிலப் பயன்பாட்டு அதிகாரம் நகரங்களிடமே இருக்கிறது. எந்த மனையில் எத்தனை மாடி என்று முகமை கட்டளையிட முடியாது. நகரத்தின் மண்டல விதிகளையும் மாற்ற முடியாது. அதே சமயம், இலாப நோக்கற்ற அமைப்புகள் நடத்தும் குறைந்த வாடகைக் குடியிருப்புகளுக்குக் கலிஃபோர்னியாவில் சொத்து வரி விலக்கு உண்டு என்பதால், அத்தகைய கட்டடம் எழும்பும்போது காவல், குப்பை, சாலைச் செலவு நகரத்துக்குக் கூடுகிறது, சொத்து வரி மட்டும் கூடுவதில்லை. இந்த இழப்பை ஈடுகட்டுவது பற்றி நகர மன்றங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வாடகைதாரர் ஒருவருக்கு இதில் என்ன கிடைக்கும்? லக்காசாவின் நிதியில் குறைந்தது 40 சதவீதம் வீடு கட்டவும் காக்கவும், குறைந்தது 30 சதவீதம் வாடகைதாரர் பாதுகாப்புக்கும் போக வேண்டும். வாடகை பாக்கிக்கு உதவி, வெளியேற்ற வழக்கில் சட்ட உதவி போன்றவை இந்த இரண்டாவது பங்கில் அடங்கும். ஒரே மாதிரியான உதவி எல்லா நகரங்களிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நீங்கள் வசிக்கும் இடத்தின் பங்கை யார் பெறுகிறாரோ அவர் வகுக்கும் திட்டமே உங்களுக்குப் பொருந்தும். ஆகவே முதலில் உங்கள் முகவரி எந்த நகரத்துக்குள் இருக்கிறது, அல்லது நகரம் சேராத கவுண்டிப் பகுதியா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அஞ்சல் முகவரியில் உள்ள ஊர்ப் பெயரும் நகர எல்லையும் பல இடங்களில் ஒன்றல்ல. மாநில வரித்துறையின் இணையதளத்தில் தெரு முகவரியைக் கொடுத்தால், அந்த இடத்தின் சரியான வரி விகிதம் வரும்.

அடுத்து, உங்கள் நகரத்தின் பங்கை நகர மன்றமா, வட்டாரக் கூட்டமைப்பா, எது முடிவு செய்கிறது என்று நகர எழுத்தர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்கள் முன்னிலையில் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்னும் 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம் நகர மன்றங்களைப் போலவே இந்தக் கூட்டமைப்புகளையும் லக்காசாவையும் கட்டுப்படுத்துகிறது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரல் வெளியிடப்பட வேண்டும். அதில் உள்ள பொருள் பற்றிப் பேசப் பொதுமக்களுக்கு வாய்ப்புத் தரப்பட வேண்டும். ஒதுக்கீட்டுத் திட்டம் நிறைவேறுவதற்கு முந்தைய கூட்டத்தில் சொல்லப்படும் கருத்தே ஒதுக்கீட்டுத் தொகையை மாற்றக்கூடியது.